உபின் தீவுக்குப் போய்வந்த பிள்ளைகள்

உயர்நிலை மூன்றாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஓபிஎஸ் பேச்சு வந்ததும் அரங்கம் கலகலத்துவிடும். மழை பெய்தால் எங்கே படுப்பார்கள், பூச்சி கடித்தால் என்ன செய்வது, கைப்பேசியை ஏன் வாங்கி வைக்கிறீர்கள், மாதவிடாய் நாளாக இருந்தாலும் கடலில் இறங்க வேண்டுமா? எல்லாம் நியாயமான கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. கடைசியில் ஒரு தந்தை எழுந்து, "அஞ்சு நாள் பாடம் போகுதே டீச்சர், இதனால பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?" என்பார். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. சிங்கப்பூரில் ஓர் அக்கம்பக்கப் பள்ளியில் வகுப்பாசிரியையாக இருக்கும் எனக்கு அந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. அந்தத் தந்தைக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

ஓபிஎஸ் என்று பிள்ளைகள் சொல்வது அவுட்வர்டு பவுண்ட் சிங்கப்பூர் என்ற சாகசப் பயிற்சிப் பள்ளியை. எங்கள் நாட்டின் வடகிழக்கே, ஜொகூர் நீரிணையில், பழைய கருங்கல் குவாரிகளும் சதுப்புநிலக் காடுகளுமாக இருக்கிறது புலாவ் உபின் தீவு. நாடு தனிநாடாகி இரண்டே ஆண்டான 1967இல், டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியில் அந்தத் தீவில் இந்தப் பள்ளி தொடங்கியது. 2017 முதல் கல்வி அமைச்சு உயர்நிலை மூன்று மாணவர்களைப் படிப்படியாக ஐந்து நாள் பயிற்சிக்கு அங்கே அனுப்பி வருகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் கயாக் துடுப்புப் போடுகிறார்கள், மூட்டையைச் சுமந்து நடக்கிறார்கள், கூடாரம் அடித்துத் தூங்குகிறார்கள், தங்கள் சோற்றைத் தாங்களே ஆக்கிச் சாப்பிடுகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 'வாட்ச்' என்று பெயர், கப்பல்காரர்களிடமிருந்து வந்த வழக்கம். ஒரே வாட்சில் பல பள்ளிப் பிள்ளைகளைக் கலந்துவிடுகிறார்கள். என் கணக்கில், அந்தப் பயிற்சியின் மிகப் பெரிய நன்மையே இந்தக் கலப்புதான்.

கப்பல் வழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவுட்வர்டு பவுண்டைத் தொடங்கிய கர்ட் ஹான், பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்த பள்ளி ஆசிரியர். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933இல் கைதாகி, பிறகு பிரிட்டனுக்கு வந்து, 1934இல் ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. குண்டடிபட்டு மூழ்கும் வணிகக் கப்பல்களிலிருந்து உயிர்காப்புப் படகில் ஏறியவர்களில், வலுவான இளம் மாலுமிகள் சாக, வயதான மாலுமிகள் பிழைத்து வருகிறார்கள் என்பது புளூ ஃபனல் கப்பல் நிறுவனத்தின் லாரன்ஸ் ஹோல்ட்டை வாட்டியது. இளைஞர்களுக்கு உடல்பலம் இருக்கிறது, தன்னால் தாங்க முடியும் என்ற அனுபவம் இல்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். ஹோல்ட்டின் ஆதரவோடு 1941இல் வேல்ஸின் அபர்டவி கடற்கரையில் ஹான் தொடங்கியதுதான் முதல் அவுட்வர்டு பவுண்ட். தன்னால் தாங்க முடியும் என்று ஒருவன் அறிந்திருப்பது அன்று உயிர் பிழைப்பதற்கான தேவையாக இருந்தது. பிள்ளைகளின் 'தன்மதிப்பை வளர்ப்பது' என்ற பேச்செல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது.

இனி என் வகுப்புக்கு வருகிறேன். என்னிடம் ஒரு பையன் படித்தான். யாரிடம் பேசினாலும் "நான் என்டி" என்றுதான் தொடங்குவான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளைகளை விரைவுநிலை, வழக்கநிலை ஏட்டுக்கல்வி, வழக்கநிலை தொழில்நுட்பம் என்று மூன்றாகப் பிரித்த காலம் அது. அந்த மூன்றாவதுதான் என்டி. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. ஆனால் அவனுக்கு அது பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட பட்டம். கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தாலும் தலையைக் குனிந்துகொள்வான். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று கூட அவன் பயப்படவில்லை. தன்னிடம் பதில் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்று நம்பியிருந்தான்.

அந்த ஆண்டு உபினுக்கு நானும் உடன் போயிருந்தேன். முதல்நாள் மாலை கடற்கரைப் பக்கம் சமையல். காற்று விடாமல் அடித்தது, அடுப்பு அணைந்துகொண்டே இருந்தது. அவன் வாட்சில் பேர்பெற்ற பள்ளிகளின் பிள்ளைகள் இருந்தார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்களில் ஒருவருக்கும் சோறு வடிக்கத் தெரியவில்லை. ஒரு மெஸ் டின்னில் அரிசி அடிப்பிடித்து, மேலே வேகாமல் கிடந்தது. இவன் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்துபோய் நான்கு முதுகுப்பைகளை எடுத்துவந்து, காற்று வரும் பக்கம் அடுப்புக்கு அரணாக நிறுத்தினான். வேறு மெஸ் டின்னில் அரிசியைக் களைந்து போட்டு, நடுவிரலை அரிசிமேல் ஊன்றித் தண்ணீர் முதல் கணுவரை நிற்கிறதா என்று பார்த்தான். மூடிமேல் ஒரு கல்லை வைத்தான். "எப்படித் தெரியும்?" என்று ஒரு சீனப் பையன் கேட்டான். "அம்மாவுக்கு ராத்திரி வேலை. தங்கச்சிக்கு நான்தான் சமைப்பேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். எங்கள் வகுப்பில் அவன் இதை ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை.

அங்கே யாரும் அவனைப் பாராட்டவில்லை, கைதட்டவும் இல்லை. பசியோடிருந்தார்கள், சாப்பிட்டார்கள். அடுத்த வேளை அடுப்பு மூட்டும்போது அவனைத் தேடினார்கள். மறுநாள் நடைப்பயணத்தில் வரைபடம் அவன் கைக்குப் போனது. இதைத்தான் நான் அந்தத் தந்தைக்குச் சொல்ல விரும்புகிறேன். 'நீ நல்லவன், நீ திறமைசாலி' என்று நாம் ஆயிரம் தடவை சொன்னாலும் பதினைந்து வயதுப் பிள்ளை நம்பாது. அம்மா என்றால் அப்படித்தான் சொல்வாள், ஆசிரியை என்றால் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அதற்குத் தெரியும். தன்னைப் பற்றி முன்கூட்டியே ஏதும் அறியாதவர்கள் நடுவில், கண்ணெதிரே ஒரு காரியம் தன் கையால் முடிந்தது என்றால் அதை மறுக்க முடியாது. அவனுக்கு அந்தச் சாட்சி தேவைப்பட்டது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட கட்டுரை இதற்குக் கோட்பாட்டளவில் விளக்கம் தருகிறது. 'என்னால் இது முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார். தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கமாகச் சொல்வது, தன் உடலின் படபடப்பைத் தான் எப்படிப் புரிந்துகொள்வது என்பது. இவற்றில் மிக வலுவானது முதலாவது என்பது அவர் முடிவு. பாம்பென்றால் நடுங்குகிறவர்களோடு அவர் வேலை செய்தார். படிப்படியாகப் பாம்பின் அருகே போய், கடைசியில் அதைக் கையில் ஏந்தும் வரை கொண்டுவந்தார். அந்தப் பயம் போனவர்களுக்குப் பாம்போடு தொடர்பே இல்லாத வேறு பயங்களும் குறைந்தன.

என் வகுப்புப் பெண் ஒருத்திக்குத் தண்ணீரென்றால் பயம். இருவர் அமரும் கயாக்கில் முன்னிருக்கை அவளுக்கு. கயாக் கவிழ்ந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படி வெளியே வருவது, துடுப்பை எப்படி விடாமல் பிடிப்பது, படகைப் பிடித்துக்கொண்டு எப்படி மிதப்பது என்று கரையோரத்தில் பழக்கியிருந்தார்கள். அப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தாள். மறுநாள் ஒரு விசைப்படகு கிளப்பிய அலையில் உண்மையாகவே கவிழ்ந்தது. உயிர்காப்பு அங்கி அவளை மேலே தூக்கிவிட்டது. துடுப்பு கையிலேயே இருந்தது. திரும்பி வந்தபின் அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "கவுந்தா என்ன ஆகுமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் டீச்சர். கவுந்துட்டேன். அவ்வளவுதான்." அந்த 'அவ்வளவுதான்' ஒரு பெரிய கல்வி. புத்தகத்தில் அதைக் கற்பிக்க எனக்குத் தெரியாது.

இப்படிச் சொல்வதெல்லாம் ஓர் ஆசிரியையின் ஆசைப் பேச்சுதானோ என்று கேட்கலாம். அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1997இல் ஜான் ஹாட்டி, ஹெர்பர்ட் மார்ஷ், ஜேம்ஸ் நீல், கேரி ரிச்சர்ட்ஸ் ஆகியோர் சாகசப் பயிற்சிகளைப் பற்றிய 96 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி முடிந்த கையோடு பங்கேற்றவர்களிடம் கிடைத்த சராசரி முன்னேற்றம், புள்ளியியல் அளவில், 0.34. நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் சரிநடுவில் நின்ற பிள்ளை, கீழிருந்து எண்ணினால் ஏறக்குறைய அறுபத்து மூன்றாம் இடத்துக்கு நகர்வது போன்ற முன்னேற்றம் அது. அற்புதம் என்று சொல்ல முடியாது; அற்பம் என்றும் தள்ள முடியாது. எனக்கு வியப்பளித்தது வேறொன்று. பள்ளிகளில் நடத்தும் பெரும்பாலான சிறப்புத் திட்டங்களின் பலன், திட்டம் முடிந்த சில மாதங்களில் கரைந்துபோகும். இங்கே, பின்னர் அளந்து பார்த்தபோது, முன்னேற்றம் நிலைத்ததோடு இன்னும் சற்றுக் கூடியிருந்தது. ஆனால் எல்லாப் பயிற்சியும் ஒன்றல்ல என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஓரிரு நாள் பயிற்சியைவிட இருபது நாளுக்கு மேற்பட்ட நீண்ட பயிற்சிகளுக்குப் பலன் அதிகம். ஐந்து நாள்கள் போதுமா என்ற கேள்வி எனக்கு அங்கிருந்து வந்தது.

மார்ஷும் ரிச்சர்ட்ஸும் இன்னொருவரோடு சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு இதைவிட நுட்பமானது. 26 நாள் அவுட்வர்டு பவுண்ட் பயிற்சிக்குப் போனவர்களிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும், பதினெட்டு மாதம் கழித்தும் கேள்விகள் கேட்டார்கள். மார்ஷின் பார்வையில் தன்மதிப்பு என்பது மொத்தமாக ஒரே சரக்கு அல்ல. அது நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி மாதிரி: உடல்திறன், தோற்றம், பெற்றோரோடு உறவு, நண்பர்கள், படிப்பு என்று தனித்தனி அறை. கடுகு அறையில் நிரப்பினால் சீரக அறை நிரம்பாது. பயிற்சியின் நோக்கத்தோடு தொடர்புள்ள அறைகள்தான் நன்றாக நிரம்பியிருந்தன. தொடர்பில்லாத அறைகளில் மாற்றம் குறைவு. வந்த மாற்றம் பதினெட்டு மாதம் கழிந்தும் பெருமளவு நிலைத்திருந்தது.

அதனால் உபினுக்குப் போய்வந்தால் கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று நான் எந்தப் பெற்றோரிடமும் சொல்வதில்லை. ஏறாது. துடுப்புப் போட்டால் துடுப்பின் மீதான நம்பிக்கை வரும், சேர்ந்து வேலை செய்யும் துணிவு வரும். இயற்கணிதம் தானாக வராது.

தோற்றம் என்ற அறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்பிள்ளைகள் அங்கேதான் அதிகம் அடிபடுகிறார்கள். ஓபிஎஸ் போகுமுன் தமிழ்ப் பெண்கள் வீட்டில் கேட்கும் அறிவுரைகளில் முதலிடம், "வெயில்ல நிக்காதே, கறுத்துடுவே". ஐந்து நாளும் அவர்களுக்குக் கைப்பேசி இல்லை. தன் முகத்தைத் தானே படம்பிடித்துத் திருத்திப் பார்க்கும் வேலை இல்லை. தோள் வலிக்கிறது, உள்ளங்கை கொப்பளிக்கிறது, கால் இன்னும் ஒரு மைல் தாங்குமா என்பது மட்டும்தான் கேள்வி. அந்த வயதில் எப்போதும் பிறர் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும் உடம்பு, சில நாளுக்கு வேலை செய்யும் உடம்பாக இருக்கிறது. பருமனான ஒரு மாணவி, கயாக்கைக் கரையேற்றும்போது எல்லாரும் தன்னையே கூப்பிட்டார்கள் என்று முகம் மலரச் சொன்னாள். அவளுடைய பலத்தை அதற்கு முன் யாரும் கேட்டு வாங்கியதில்லை.

இனி மறுபக்கம். சாகசம் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் நன்மையாகிவிடாது. வேறொரு முகாமில், உயரத்தில் கட்டிய கயிற்றுப் பாதையின் நடுவில் ஒரு பையன் நின்றுவிட்டான். இறங்க வேண்டும் என்று கெஞ்சினான். கீழே நின்ற கூட்டம் "உன்னால் முடியும், முடியும்" என்று தாளம் போட்டது. பயிற்றுநர் அவனை இறக்கவில்லை. கடைசியில் அழுதுகொண்டே கடந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். அவன் அன்று இரவு சாப்பிடவில்லை. அந்தப் பையன் அன்று கற்றது, தன் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை என்பதைத்தான். 1971இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய புராஜெக்ட் அட்வெஞ்சர் அமைப்பு வளர்த்தெடுத்த ஒரு கொள்கை இருக்கிறது: எவ்வளவு தூரம் போவது என்பதைப் பங்கேற்பவரே தீர்மானிக்க வேண்டும். நல்ல பயிற்றுநர்கள் இதைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறார்கள். முதல் படியில் நின்று திரும்பியவனும் அன்று மாலை வட்டமாக உட்கார்ந்து பேசும்போது சொல்ல ஏதாவது வைத்திருப்பான், கேட்கத் தெரிந்தவர் இருந்தால்.

உயிருக்கு ஆபத்து என்பதும் கற்பனை இல்லை. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக் பயிற்சிக்குப் போன பள்ளிப் பிள்ளைகளில் நான்கு பேர் இறந்தார்கள். பயிற்சி மையத்தை நடத்திய நிறுவனத்தின் மீதே கொலைக்குற்றமல்லாத மரணம் விளைவித்த குற்றம் நிரூபணமானது. 1995இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இளையர் சாகசப் பயிற்சி மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. தன்னம்பிக்கை வளர வேண்டுமானால் ஆபத்து இருக்க வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைக்குப் பயமாக இருந்தால் போதும். ஆபத்தாக இருக்க வேண்டியதில்லை. பயத்துக்கும் ஆபத்துக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியைக் கட்டிக்காப்பதுதான் பயிற்றுநரின் தொழில். வானிலை பார்த்து, 'இன்று கடலில் இறங்கவில்லை' என்று சொல்லத் தயங்காத பயிற்றுநரிடம் என் பிள்ளைகளை நம்பி விடுவேன்.

தீவில் நடப்பது பாதிதான். மீதி, திரும்பி வந்த பிறகு நம் கையில் இருக்கிறது, அதை நாம் அடிக்கடி தவறவிடுகிறோம். கவிழ்ந்த கயாக்கிலிருந்து துடுப்போடு மேலே வந்தாளே, அந்தப் பெண் வீட்டு மணியை அடித்ததும் அவள் அம்மா சொன்ன முதல் சொல், "என்னடி இப்படிக் கறுத்துப் போயிட்டே!" அம்மா அதைப் பாசமாகத்தான் சொன்னார். ஆனால் அவள் சொல்லக் காத்திருந்த கதை தொண்டையோடு நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்து என்னிடம்தான் சொன்னாள். அந்த என்டி பையனோ திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தபோது நிமிர்ந்து நடந்தான். அன்று காலையே கணக்குச் சோதனை. தாளைத் திருப்பி வாங்கியபோது பழையபடி தலை குனிந்திருந்தது. ஒரு பிள்ளையை நாம் ஏற்கெனவே ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டோம். எழுந்து வேறிடம் போய்வந்தவனை மறுபடி அதே நாற்காலியில் அழுத்துகிறோம்.

இதற்கு ஒரு வழியைக் காட்டியது மறுபடியும் ஆஸ்திரேலியாதான். மார்ஷும் ரிச்சர்ட்ஸும் 1988இல் எழுதிய இன்னோர் ஆய்வு, படிப்பில் பின்தங்கிய உயர்நிலைப்பள்ளிப் பையன்களுக்கான ஆறு வாரத் தங்கிப் படிக்கும் திட்டத்தைப் பற்றியது. அவுட்வர்டு பவுண்டின் அதே முறை: எட்டக்கூடிய இலக்கு, ஒவ்வொரு படியிலும் தான் செய்து முடித்ததைத் தானே பார்ப்பது. ஆனால் இலக்கு மலையில் இல்லை, வாசிப்பிலும் கணக்கிலும் இருந்தது. பெற்றோரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். படிப்பில் அந்தப் பையன்களுக்குத் தங்கள்மேல் இருந்த மதிப்பும் உயர்ந்தது, மதிப்பெண்ணும் உயர்ந்தது. சீரக அறையில் சீரகத்தையே போட்டார்கள்.

இதைப் படித்த பிறகு எங்கள் வகுப்பில் சில மாற்றங்கள் செய்தோம். பிள்ளைகள் உபினிலிருந்து திரும்பும் வாரம் சோதனை எதுவும் வைப்பதில்லை. கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஒரே தாளில் இருபது கணக்கு கொடுக்காமல், அன்றைக்கு அவர்களால் முடிக்கக்கூடிய மூன்று கணக்கைக் கொடுத்து, முடித்ததை அவர்களையே இன்னொருவருக்கு விளக்கச் சொல்கிறேன். அந்தப் பையனை உயர்நிலை ஒன்றாம் வகுப்பு முகாமுக்குச் சமையல் பொறுப்பாளனாக அனுப்பினோம். சின்னப் பிள்ளைகள் பத்துப் பேரைச் சுற்றி உட்காரவைத்து, விரல்கணுவில் தண்ணீர் பார்ப்பது எப்படி என்று காட்டினான். கணக்கில் அவன் அந்த ஆண்டு தேறினான் என்று எழுத ஆசைதான், தேறவில்லை. ஆனால் புரியாததைக் கை உயர்த்திக் கேட்கத் தொடங்கினான்.

பெற்றோருக்கு ஒரு தாளும் அனுப்புகிறோம். தமிழ்ப் பெற்றோருக்கானதை நானே எழுதுகிறேன். 'ஜாலியாக இருந்ததா?' என்று கேட்டால் 'ம்' என்ற பதிலோடு பிள்ளை அறைக்குள் போய்விடும். என்ன சமைத்தீர்கள், வரைபடம் யார் கையில் இருந்தது, கூடாரம் நனைந்ததா, யார் அழுதார்கள், அப்போது நீ என்ன செய்தாய் என்று கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சமையலை முழுதாகப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள், இடையில் போய் உப்புப் பார்க்காதீர்கள் என்றும் எழுதியிருக்கிறேன். ஒரு தாய் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஐந்து நாள் போதாது என்று நான் இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உயர்நிலை நான்கில் தேசியத் தேர்வு இருக்கிறது, யாரும் நேரம் தர மாட்டார்கள். அதனால் மூன்றாம் வகுப்பு முடியுமுன், பழைய வாட்ச் பிள்ளைகளை, வேறு பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து, இரண்டு நாளாவது மறுபடி ஒன்றுசேர்க்க வேண்டும் என்று எங்கள் பள்ளி முதல்வரிடம் கேட்டிருக்கிறேன். படகு, கூடாரம், பயிற்றுநர் சம்பளம் என்று செலவுக் கணக்கு போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கைப் போட, முன்பு கேள்வி கேட்ட தந்தையரில் ஒருவர் உதவ முன்வந்திருக்கிறார்.